ஒரே தீயிலிருந்து எல்லா விளக்குகளும்: ஊர் கூடிச் சவின் கொண்டாடும் முறை

கேள்வி: அயர்லாந்தில், மீத் கவுண்டியின் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறோம். சவின் என்னும், பழைய கெல்டிய மக்களின் புத்தாண்டை இந்த ஆண்டு ஊரார் 150 பேர் சேர்ந்து கொண்டாடலாம் என்று குடியிருப்போர் குழு முடிவு செய்து, பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

இருட்டிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான ஊர்க் குழுக்கள் தீயிலிருந்து தொடங்குகின்றன. நான்கு மணிக்கே தீ மூட்டி, சுற்றிலும் மின்விளக்கு, ஒலிபெருக்கி, பர்கர் வண்டி எல்லாம் நிறுத்திவிட்டு, இது ஏன் வழக்கமான பொருட்காட்சி மாதிரியே முடிந்துவிட்டது என்று மறுநாள் பேசிக்கொள்கின்றன. இந்தப் பண்டிகைக்கு ஒரு வரிசை இருக்கிறது: எல்லா வெளிச்சமும் அணைய வேண்டும், ஒரே ஒரு தீ பிறக்க வேண்டும், அதிலிருந்தே மற்ற விளக்குகள் எல்லாம் ஏற வேண்டும். இடம், நேரம், சாப்பாடு மூன்றையும் இந்த வரிசைக்குத் தகுந்தபடி அமைத்தால் மீதி வேலை பாதியாகக் குறையும்.

பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். எழுத்தைப் பார்த்துப் பலர் ‘சம்ஹைன்’ என்கிறார்கள். ஐரிஷில் அது ‘சவின்’. அக்டோபர் 31 இரவு ‘ஈஹ ஹவ்னா’, அதாவது சவின் இரவு. நவம்பர் மாதத்துக்கே ஐரிஷில் பெயர் இதுதான். பழைய கணக்கில் நாள் இருட்டோடு தொடங்கும் என்பதால் பண்டிகை 31-ஆம் தேதி சூரியன் மறைந்ததும் தொடங்கி, நவம்பர் 1 சூரியன் மறையும்போது முடிகிறது. கோடை மேய்ச்சல் நிலங்களிலிருந்து மாடுகளை வீட்டுக்கு ஓட்டி வருவதும், குளிர்காலம் முழுக்கத் தீனி போட முடியாதவற்றை அறுப்பதும், அறுவடைக் கணக்கு முடிப்பதும் இந்த நாளை ஒட்டியே நடந்தன. இலையுதிர் காலச் சமநாளுக்கும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்கும் நேர் நடுநாள் நவம்பர் 6, 7 வாக்கில் வருவதால் சில குழுக்கள் அன்று கொண்டாடுகின்றன. ஊர்த் திருவிழாவுக்கு 31-ஆம் தேதியே நல்லது. ஹாலோவீன் இரவு என்பதால் பிள்ளைகள் எப்படியும் அன்று தெருவில்தான் இருப்பார்கள்.

‘புத்தாண்டு’ என்ற சொல்லைச் சுவரொட்டியில் போடுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சவின் கெல்டியர்களின் ஆண்டுப் பிறப்பு என்ற கருத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் அறிஞர் ஜான் ரீஸ் பரப்பினார். இடைக்கால ஐரிஷ் கதைகள் ஆண்டின் நான்கு பருவ நாட்களைச் சொல்லும்போது சவினை முதலில் வைப்பது உண்டு. சவினுக்கு முன் மூன்று நாள், பின் மூன்று நாள் விருந்து என்றும் ஒரு கதை சொல்கிறது. ஆனால் புத்தாண்டு என்று நேராகச் சொல்லும் பழைய சான்று மெலிந்தது. வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் இதை விரிவாகவே கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார். பிரான்சில் 1897-இல் கிடைத்த, பழைய கெல்டியரின் கொலிஞி வெண்கல நாட்காட்டியில் ‘சமோனியோஸின் மூன்று இரவுகள்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு உண்டு. சமோனியோஸ் என்ற அந்த மாதம் கோடையில் வருவதா குளிரில் வருவதா என்பதிலேயே அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. ஆகவே ‘குளிர்காலத்தின் வாசல்’ என்று எழுதுங்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

நீங்கள் இருப்பது மீத் என்பதால் உங்களுக்கு ஒரு பெரிய வரம் உண்டு. ஆத்பாய் ஊருக்கு அருகிலுள்ள த்லாக்ட்கா என்னும் வார்டு குன்றுதான் சவின் தீயோடு அதிகம் பேசப்படும் இடம். சவின் இரவில் அயர்லாந்தின் எல்லா அடுப்புகளையும் அணைத்துவிட வேண்டும், த்லாக்ட்காவின் தீயிலிருந்தே மீண்டும் ஏற்ற வேண்டும், ஏற்றும் ஒவ்வொரு அடுப்புக்கும் மூன்று காசு தெற்கிலிருந்த மன்ஸ்டர் நாட்டின் அரசனுக்கு வரி என்று 17-ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி கீட்டிங் எழுதினார். அவர் காலத்துக்கும் அந்தத் தீயின் காலத்துக்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதால், இதை வரலாறாகச் சொல்லாமல் மரபுக்கதையாகச் சொல்லுங்கள். சற்றுத் தள்ளி இருக்கும், பண்டை அரசர்களின் குன்றான தாராவில், பணயக்கைதிகளின் மேடு என்னும் கற்காலக் கல்லறையின் நடைவழிக்குள் சவின் காலத்துக் காலை வெயில் விழுகிறது. அது கெல்டியர் என்று நாம் சொல்லும் மக்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய கட்டுமானம்.

இந்த இடங்களுக்கு ஊராரை அழைத்துப் போய்க் காட்டுங்கள், ஆனால் அங்கே தீ மட்டும் மூட்டாதீர்கள். சட்டப் பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, தீயின் சூடு மண்ணின் காந்தத் தன்மையை நிரந்தரமாக மாற்றிவிடும். தொல்லியலாளர்கள் தோண்டாமலே மண்ணைப் படிப்பது அந்தக் காந்த அளவீட்டை நம்பித்தான். ஒரே ஒரு இரவுத் தீ அந்தப் பக்கத்தை அழித்துவிடும். இன்னொன்று, 2019 முதல் ஆத்பாய், ட்ரிம் ஊர்களில் நடந்துவரும் பூக்கா (ஐரிஷ் கதைகளில் வரும் உருமாறும் குறும்பு ஆவி) திருவிழாவின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு உங்கள் நேரத்தை வையுங்கள். இரண்டும் ஒரே மணியில் வந்தால் கூட்டம் பிரியும்.

இடமாக, மண்டபத்திலிருந்து பத்து நிமிட நடையில் தெருவிளக்கு எட்டாத ஒரு புல்வெளி போதும். நிலக்காரரின் எழுத்து ஒப்புதல், கவுண்டி மன்றத்தின் எழுத்து ஒப்புதல், பொதுப் பொறுப்புக் காப்பீடு ஆகிய மூன்றும் செப்டம்பருக்குள் கையில் இருக்க வேண்டும். காப்பீட்டுத் தாளில் ‘திறந்த தீ’ என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதவில்லையென்றால் அந்தக் காப்பீடு உங்களுக்கு உதவாது. அயர்லாந்தில் வெளிப்புற நிகழ்ச்சி உரிமம் 5,000 பேரும் அதற்கு மேலும் கூடும் நிகழ்ச்சிகளுக்கே வேண்டும், அதனால் அந்தக் கவலை இல்லை. ஆனால் கழிவை எரிப்பது குற்றம். பழைய கதவு, டயர், பெயின்ட் அடித்த பலகை, தோட்டக் குப்பை எதுவும் தீயில் போகக் கூடாது. ஹாலோவீன் தீக்குவியல்கள் என்றாலே மன்றங்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே சொக்கப்பனை மாதிரி உயரமாகக் குவிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, 1.2 மீட்டர் அகலமுள்ள கால் வைத்த எஃகுத் தீச்சட்டி ஒன்றை வாங்குங்கள் அல்லது ஊர்ப் பட்டறையில் அடித்துக் கேளுங்கள். புல் கருகாது. மன்றத்தில் ஒப்புதல் கிடைப்பதும் எளிது. குவியலுக்குள் முள்ளெலி புகுந்து படுத்துக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. சட்டியின் அடியில் கான்கிரீட் பலகைகள் பரப்புங்கள். கட்டடம், மரம், வேலியிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு 80 முதல் 100 கிலோ காய்ந்த விறகு எடுத்து வையுங்கள், ஓக் அல்லது ஆஷ் நல்லது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். கடை விறகிலும் ஒன்றைப் பிளந்து, உள்பக்கத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் குத்தினால் அளவு பொய் சொல்லும். சரக்குத் தட்டுப் (பேலட்) பலகை போடுவதானால் சூட்டால் பதப்படுத்தியதைக் குறிக்கும் ‘HT’ முத்திரை உள்ளதை மட்டும் எடுங்கள், ‘MB’ என்றிருந்தால் அது நச்சு வாயுவால் பதப்படுத்தியது. பைன் போன்ற பிசின் மர விறகு பொறி தெறிக்கும் என்பதால் பற்றவைக்கும் குச்சியாக மட்டும் போதும். பெட்ரோலை யாரும் கையில் எடுக்கவே கூடாது.

சட்டியின் நடுவிலிருந்து 6 மீட்டரில் வட்டமாகக் கயிறு கட்டுங்கள். சுற்றளவு ஏறக்குறைய 38 மீட்டர் வரும். ஆளுக்கு 60 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு வரிசைக்கு அறுபது பேர்தான் நிற்க முடியும், 150 பேருக்கு மூன்று வரிசையாவது ஆகும். குழந்தைகள் முன்னே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காற்று புகையைத் தள்ளும் பக்கத்தில் வட்டத்தின் ஒரு கால்பகுதியை ஆள் இல்லாமல் விடுங்கள். காற்று திசை மாறினால் அந்த இடைவெளியும் நகர வேண்டும், அதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். கயிற்றுக்குள் இரண்டு பேர் மட்டும், கம்பளி அல்லது கெட்டிப் பருத்தி உடையில். இரண்டு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல், தீப்போர்வை, தீக்காயத்துக்கு இருபது நிமிடம் ஊற்றும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் எல்லாம் பக்கத்திலேயே இருக்கட்டும். ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். ஆண்டிலேயே அவர்களுக்கு ஓய்வில்லாத இரவுகளில் அது ஒன்று. வெளிச்சத்தைப் பார்த்து யாராவது கூப்பிட்டு, வண்டி வீணாக வரக் கூடாது.

நேரக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். அக்டோபரின் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போவதால், அந்தப் பகுதியில் 31-ஆம் தேதி சூரியன் ஐந்து மணிக்குச் சற்று முன்னரே மறைந்துவிடும். அடுத்த முப்பது முப்பத்தைந்து நிமிடத்துக்கு வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும். செப்டம்பரில் உட்கார்ந்து திட்டமிடும் குழு இதை மறந்து ‘ஏழு மணிக்கு’ என்று எழுதிவிடும், பிள்ளைகள் அதற்குள் சோர்ந்துபோவார்கள். நாலரைக்கு மண்டபத்தில் கூடுங்கள், ஐந்தே காலுக்கு ஊர்வலம், ஐந்தே முக்காலுக்கு எல்லா வெளிச்சமும் அணையட்டும்.

அணைப்பது என்றால் கைபேசியும் சேர்த்துத்தான். மண்டபத்தின் வெளிவிளக்கு, வண்டி நிறுத்துமிட விளக்கு, தேநீர் மேசை விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பு. அவசர வழி விளக்கை மட்டும் தொடாதீர்கள். பாதையோரம் ஒளி திருப்பும் பட்டை ஒட்டிய குச்சிகள் ஐந்து மீட்டருக்கு ஒன்று நடுங்கள். வழிகாட்டிகளுக்கு நெற்றியில் சிவப்பு விளக்கு. சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காது. இருட்டு மூன்று நிமிடம் நீடிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் முடித்தால் ஏதோ மின்தடை போலத் தோன்றும். ஐந்தாவது நிமிடத்தில் குழந்தைகள் அழத் தொடங்குவார்கள்.

இறந்தவர்களை நினைக்க வேண்டிய இடமும் இந்த மூன்று நிமிடம்தான். ஐரிஷ் வீடுகளில் அன்றிரவு கதவைத் தாழிடாமல் விட்டு, அடுப்பைச் சுற்றி நாற்காலி போட்டு, போனவர்கள் வந்து உட்காரட்டும் என்று வைக்கும் வழக்கம் இருந்தது. மேடையில் பெயர்ப் பட்டியல் வாசித்தால் 150 பேர் கூட்டத்தில் இருபது நிமிடம் ஓடிவிடும், பெயர் விடுபட்ட குடும்பத்துக்கு மனசு நோகும். அதற்குப் பதில், ஒரு மணி அடித்ததும் அவரவர் தம் மறைந்தவர்களின் பெயரை ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சொல்லட்டும். இருட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கும். அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. நவம்பர் 1 எல்லாப் புனிதர்கள் நாள், 2 ஆன்மாக்கள் நாள் என்பதால் ஊர்த் தேவாலயத்துப் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசி விளக்கிவிடுங்கள். ‘துருயிதுச் சடங்கு’ (பழங்காலக் கெல்டியப் பூசாரிகளின் சடங்கு) போன்ற சொற்கள் அழைப்பிதழில் வந்தால் ஊரில் பாதிப்பேர் வராமல் போகலாம்.

அடுத்தது தீ. உரசித் தீ எடுக்க ஆசைப்படுகிறவர் எப்போதும் ஒருவர் இருப்பார். அழகானதுதான். ஆனால் அக்டோபர் ஈரக் காற்றில் வில்லால் கடையும் கோல் அரை மணி நேரம் புகைந்துவிட்டு ஒன்றும் தராமல் போவது சாதாரணம், கட்டை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கட்டையும் கோலும் இரண்டு வாரம் வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்தில் காயட்டும். எரியும் கங்கு ஒன்றை, இருட்டாக்குவதற்கு இருபது நிமிடம் முன்பே கூரையடியில் எடுத்து, காற்றுத்துளை உள்ள தகரத்தில் கருக்கிய பருத்தித் துணியில் உறங்க வைத்துக் கொண்டுவாருங்கள். சக்கிமுக்கியும் எஃகும் அடுத்த காவல். கடைசிக் காவலாக ஒரு காற்றுத்தடுப்பு லாந்தர் துணிக்குக் கீழே எரியட்டும். கூட்டத்துக்கு முன் நின்று தீக்குச்சி தேடக் கூடாது.

தீ நிலைத்து எரியப் பத்து நிமிடம் கொடுத்தபின் பகிர்வு. இதுதான் அந்த இரவின் இதயம், குளறுபடி அதிகம் நடப்பதும் இங்கேதான், ஏனென்றால் 150 பேரும் ஒரே நேரத்தில் தீயை நோக்கி வருவார்கள். யாரும் சட்டியருகே வரத் தேவையில்லை. உள்ளே இருப்பவர் ஒருவர் 1.2 மீட்டர் நீளக் கோலில் தீயை எடுத்து, கயிற்றோரம் ஆறு மேசைகளில் வைத்த ஆறு லாந்தர்களை ஏற்றட்டும். ஊரார் அங்கே வரிசையில் நின்று தங்கள் விளக்கை ஏற்றிக்கொள்ளட்டும். மேசைக்கு 25 பேர், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடி என்றால் ஐந்து நிமிடத்தில் முடியும், காற்று அடித்தால் பத்து நிமிடம். விளக்குக்கு 450 கிராம் ஜாம் புட்டி, கழுத்தில் கம்பிப் பிடி, அடியில் இரண்டு சென்டிமீட்டர் மணல், அதன்மேல் சின்ன மெழுகுவிளக்கு போதும். மணல் இல்லாவிட்டால் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எல்.ஈ.டி. விளக்கு. நடந்து போகிறவர்கள் தீயை வீடுவரை கொண்டுபோகலாம். காரில் ஏறுகிறவர்கள் அணைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து செய்யும் விளக்கு இல்லாமல் அயர்லாந்தில் இந்த இரவு இல்லை. பூசணி அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த புது வழக்கம். மேயோ கவுண்டியின் டர்லோ பார்க்கில் உள்ள தேசிய அருங்காட்சியகக் கிளையில், டோனிகால் ஃபின்டவுனில் கிடைத்த ஒரு பழைய டர்னிப் முகத்தின் சாந்து வார்ப்பு இருக்கிறது. பூசணி முகத்தைவிடப் பல மடங்கு அச்சமூட்டும் முகம். மேலே ஊதா, உள்ளே மஞ்சளாக இருக்கும் பெரிய வகையை, ஒன்றரை கிலோ எடைக்கு மேல் வாங்குங்கள். பச்சையாகக் கல் மாதிரி இருக்கும். அடியைச் சீவித் தட்டையாக்கி, தலையை மூடியாக வெட்டி, டிரில்லால் பத்துப் பன்னிரண்டு துளை போட்டபின் உலோகக் கரண்டியால் சுரண்டினால் முக்கால் மணி நேரம் ஆகும். டிரில் இல்லாமல் கத்தியால் குடைந்தால்தான் கைவெட்டு. சுவர் ஒரு சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். தடித்தால் வெளிச்சம் ஊடுருவாது, மெலிந்தால் ஒரே நாளில் சுருங்கிவிடும். மூடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு புகைத்துளை கட்டாயம், இல்லையென்றால் சுடர் மூச்சுத்திணறி அணையும். 29, 30 தேதிகளில் செதுக்கினால் போதும், முந்தினால் பூஞ்சை பிடிக்கும்.

ஊர்வலத்துக்கு முன்னே போக ‘லார் வான்’ என்னும் வெள்ளைக் குதிரை இருக்கிறது. கார்க் கவுண்டியில் 19-ஆம் நூற்றாண்டில், வெள்ளைத் துணி போர்த்திக் குதிரைத் தலை பிடித்த ஒருவரின் பின்னால் கொம்பு ஊதிக்கொண்டு வீடுவீடாகப் போயிருக்கிறார்கள். கெட்டி அட்டையில் தலை, கீல் வைத்த தாடை, இழுக்க ஒரு கயிறு, ஒன்றரை மீட்டர்க் கம்பு, ஒரு வெள்ளைப் போர்வை இருந்தால் குதிரை தயார். போர்வைக்குள் இருப்பவருக்குக் கண் தெரியாது, கைபிடித்து நடக்க ஒருவர் வேண்டும். வைக்கோல் முகமூடியும் பாலியெஸ்டர் கடைவேடமும் தீயிலிருந்து பத்து மீட்டர் தள்ளியே நிற்கட்டும். இன்னும் பெரிதாக நாடகம் போட ஆசையிருந்தால் எடின்பரோவைப் பாருங்கள். 1995 முதல் அங்கே பெல்டேன் தீச் சங்கத்தின் தன்னார்வலர்கள், கேலியக் என்னும் மூதாட்டி பார்த்திருக்கக் கோடை அரசனும் குளிர் அரசனும் மோதுவதை நடத்துகிறார்கள். அந்தக் கதையைப் பத்து நிமிடமாகச் சுருக்கிப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே நடத்தலாம்.

சாப்பாட்டில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: புனிதர்கள் நாளுக்கு முந்தைய நாள் புலால் விலக்கும் நாளாக இருந்ததால், அயர்லாந்தில் அன்றைய பண்டங்கள் பெரும்பாலும் சைவம். கோல்கேனன் என்னும் உருளைக்கிழங்கு–கீரை மசியலுக்கு, 150 பேருக்கு 30 கிலோ உருளைக்கிழங்கு, 6 கிலோ கேல் கீரை, 3 கிலோ வெண்ணெய், 4 லிட்டர் பால், கைநிறைய வெங்காயத்தாள். ரூஸ்டர் அல்லது கெர்ஸ் பிங்க் போன்ற மாவுக்கிழங்காகப் பார்த்து வாங்குங்கள். வேகவைத்து வடித்தபின் மூடாமல் ஐந்து நிமிடம் ஆவி போக விடுங்கள். கையால் மசியுங்கள், மின்கருவியில் போட்டால் மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும். பாலைச் சூடாக்கி ஊற்றுங்கள். கேலை வேகவைத்துப் பிழிந்து நறுக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கும். பரிமாறும்வரை 63 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

பார்ம்பிராக் என்னும் உலர்பழ ரொட்டி பதினைந்து வேண்டும், ஒன்றுக்குப் பத்துத் துண்டு. ஒரு ரொட்டிக்கு 350 கிராம் உலர்திராட்சை வகைகளை 300 மில்லி கெட்டித் தேநீரில் இரவு முழுக்க ஊறவைத்து, தேநீரோடு சேர்த்தே 225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு, 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி கலவை மசாலா கலந்து, 170 டிகிரியில் ஒரு மணி நேரம். நடுவில் குச்சி விட்டுப் பாருங்கள். மேலே கருகி உள்ளே ஈரமாக இருப்பது இதில் வழக்கமான தவறு, நாற்பதாவது நிமிடத்தில் தாள் மூடினால் தப்பிக்கலாம். ஒருநாள் வைத்துச் சாப்பிட்டால் சுவை கூடும். மோதிரம் கிடைத்தால் கல்யாணம், காசு கிடைத்தால் செல்வம், கந்தல் கிடைத்தால் வறுமை, பட்டாணி கிடைத்தால் இந்த ஆண்டு கல்யாணம் இல்லை என்று உள்ளே பொருள் வைத்துக் குறி பார்ப்பார்கள். பொதுக்கூட்டத்தில் அவற்றை ரொட்டிக்குள் வைத்தால் தொண்டையில் சிக்கும். துண்டோடு ஒரு மடித்த தாளைக் கொடுத்து, அதில் படமாக வரைந்துவிடுங்கள். கோதுமை, பால், முட்டை இருப்பதை மேசையில் எழுதி வையுங்கள்.

தொட்டித் தண்ணீரில் வாயால் ஆப்பிள் கவ்வும் விளையாட்டு 150 பேர் எச்சிலைக் கலக்கும். நூலில் ஆப்பிளைத் தொங்கவிட்டுக் கையைப் பின்னே கட்டிக் கடிக்கச் சொல்லுங்கள், சிரிப்பு குறையாது. ஸ்காட்லாந்து வழக்கப்படி, வேடமிட்ட பிள்ளை ஒரு பாட்டோ கவிதையோ விடுகதையோ சொன்னபிறகே கொட்டையும் ஆப்பிளும் கைக்கு வர வேண்டும். உங்கள் பிள்ளைகள் தமிழ் விடுகதை சொன்னாலும் அந்த மரபுக்கு அது பொருத்தமே. பட்டாசு வேண்டாம், அயர்லாந்தில் பொதுமக்களுக்கு மிகச் சிறிய வகை தவிர மற்றவை உரிமமில்லாமல் அனுமதி இல்லை, அக்கம்பக்கத்துக் குதிரைகளும் நாய்களும் மிரளும்.

மழை சாரலாக இருந்தால் நடத்தலாம், பலத்த காற்று என்றால் தீச்சட்டியை விட்டுவிட்டு லாந்தர் ஒன்றையே ‘அந்த ஒரு தீயாக’ வைத்து மண்டபத்துக்குள் இருட்டாக்கி நடத்துங்கள். வரிசை கெடாதவரை பண்டிகை கெடாது. முடிவெடுக்கும் ஆள் ஒருவர், முடிவெடுக்கும் நேரம் மதியம் ஒன்று என்று முன்பே எழுதிவையுங்கள்.

எட்டரைக்கு மேல் விறகு போடாதீர்கள். சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி மீண்டும் ஊற்றி, மூடியுள்ள உலோகத் தொட்டியில் போடுங்கள். நவம்பர் 1 காலையில் நாலு பேராகப் போய்க் குச்சிகளையும் கயிற்றையும் எடுத்துவாருங்கள். போகும் வழியில் வேலியோரம் கருப்பெர்ரி இன்னும் தொங்கும். பிள்ளைகளைப் பறிக்க விடாதீர்கள். சவினுக்குப் பின் அது பூக்காவின் பங்கு, அவன் துப்பிவைத்திருப்பான் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.